14 ரூம் கணக்கு

"இதெல்லாம் எங்களுக்குத் தெரியும் சார். நேரத்துக்கு என்ன செய்யறதுன்னு சொல்லிக் குடுங்க."

எங்கள் ஹோட்டலில் ரூம் சுத்தம் செய்பவர்களுக்கு நான் எடுத்த ஹவுஸ்கீப்பிங் வகுப்பில் பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா கேட்டது. கேலியாகக் கேட்கவில்லை, பதில் வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். "அதையும் பார்க்கலாம்க்கா" என்று சொல்லிவிட்டு, எந்தத் துணியில் எதைத் துடைப்பது என்ற பாடத்துக்குப் போய்விட்டேன்.

அந்த வகுப்பு வந்ததே ஒரு மீட்டிங்கால்தான். ஆன்லைன் ரிவ்யூக்களில் ஒரே புகார் திரும்பத் திரும்ப: பாத்ரூமில் முடி, தம்ளரில் கறை. முதலாளி என்னைப் பார்த்து, "ட்ரெய்னிங் பத்தலையா தம்பி?" என்றார். "குடுத்துரலாம் சார்" என்றேன்.

அந்தப் பதில் தவறு என்று இன்றும் சொல்ல மாட்டேன். கழிப்பறை துடைத்த துணியோடு தம்ளரைத் தேடிப் போன புது ஆட்களை நானே தடுத்திருக்கிறேன். அப்புறம், பயிற்சியால் ஆகாது என்று பயிற்சி மேனேஜரே சொன்னால் அடுத்த வருடம் பயிற்சிக்குக் காசு ஒதுக்குவார்களா?

ஆனால் அக்காவின் கணக்கும் சரி. ஒரு ஆளுக்கு 14 ரூம். கெஸ்ட் தங்கியிருக்கும் ரூமுக்கு 20 நிமிடம், காலி செய்த ரூமுக்கு 40 நிமிடம் என்று வையுங்கள். பாதிக்குப் பாதி என்றால் 420 நிமிடம். 8 மணி நேர ஷிஃப்டில் சாப்பாட்டுக்கும் இடம் உண்டு. பதினாலும் காலி செய்த ரூம் என்றால் 560 நிமிடம். எந்தப் பாடமும் அந்த 80 நிமிடத்தை உண்டாக்காது.

பதினாலு ரூமையும் கெஸ்டுகள் ஒரே நாளில் ஏன் காலி செய்கிறார்கள்? தள்ளுபடி விலையில் ஆன்லைனில் ரூமைத் திறந்துவிட்டோம். மீனாட்சி அம்மனைக் கும்பிட்டு ஒரு ராத்திரி மதுரை, விடிந்தால் ராமேஸ்வரம் என்று போகும் குடும்பங்கள் வந்தன. இரண்டு மூன்று நாள் தங்கும் கம்பெனி கெஸ்டுகளுக்கு ரூம் இல்லாமல் போனது. ஆக்குபன்சி, அதாவது நிரம்பிய ரூம்களின் சதவீதம், ஏறியதற்கு அதே மீட்டிங்கில்தான் கைதட்டினோம், நானும் சேர்த்து.

பணத்திலாவது லாபமா? 4,000 ரூபாய் ரூம் 60 சதவீதம் நிரம்பினாலும், 3,000 ரூபாய் ரூம் 80 சதவீதம் நிரம்பினாலும், இருக்கிற ஒவ்வொரு ரூமுக்கும் சராசரி 2,400தான். இரண்டாவதில் ஆன்லைன் கமிஷன், சலவை, சோப்பு எல்லாம் கூடுதல். இது அக்கவுண்ட்ஸ் ஆட்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் காலி ரூமைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முதலாளியின் பயம் எனக்கும் புரிகிறது. பேங்க் தவணைக்குச் சராசரிக் கணக்கு தெரியாது.

பிப்ரவரியில் ரிவ்யூ மார்க் ஏறியது. "பார்த்தீங்களா, ட்ரெய்னிங்!" என்றார் முதலாளி. ஐயப்பன் சீசனும் பொங்கல் விடுமுறையும் முடிந்து கூட்டம் வடிந்த மாதம் அது. ஆளுக்குப் பத்து ரூம்கூட வரவில்லை. தம்ளர் பளிச்சென்று ஆனது வகுப்பாலா, நேரம் கிடைத்ததாலா என்று பிரித்துச் சொல்லும் ரிப்போர்ட் எங்களிடம் இல்லை. வகுப்புக்கும் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன். அப்படி நினைப்பது எனக்கு வசதி என்பதும் தெரியும்.

அந்த 560 நிமிடக் கணக்கை ஜெனரல் மேனேஜரிடம் எழுதியே காட்டினேன். "சரிதான், சீசன் முடியட்டும்" என்றார். கோடை விடுமுறைக்கும் அதே தள்ளுபடி போட்டாயிற்று. கூடவே எனக்கு இன்னொரு பயிற்சி வகுப்புக்கு அனுமதி வந்திருக்கிறது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.