அழலின் நீங்கான்: தலவாக்கலை நாட்குறிப்பு

பெப்ரவரி 3, 2025, திங்கள்

தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேக்கணக்கிலிருந்து இரண்டு பிள்ளைகள் இன்று பின்னேரம் வந்து சேர்ந்தார்கள். மார்ச் 17ஆம் திகதி ஓ.எல். என்ற சாதாரண தரப் பரீட்சை தொடங்குகிறது. அது முடியும் வரை எங்கள் வீட்டில்தான்.

தரம் 11க்கு வகுப்புகள் முடிந்ததும் "இனி வீட்டிலிருந்து படி" என்று ஆசிரியர்கள் நாங்கள் அனுப்பிவிடுகிறோம். எந்த வீட்டில் இருந்து? மூத்தவளின் வீடு லயம் என்ற வரிசை வீடுகளில் ஒன்று: ஒரு காம்பரா (அறை), ஒரு இஸ்தோப்பு (முன் திண்ணை), பின்னால் குசினி. ஆறு பேர். தாய் குவைத்தில். அப்பா பிரட்டுக்கு (காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு) போவதற்கு முன் ரொட்டி சுட்டு, தண்ணி பிடித்து, தம்பியைக் கிளப்பி அனுப்புவது இவள்தான். சின்னவளுக்கு அடுத்த காம்பராவின் டீ.வி.தான் தொல்லை. லயத்துச் சுவருக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று ஒன்று கிடையாது.

என் அம்மா அவர்களிடம் கேட்ட முதல் கேள்வி: "ராத்திரிக் குளிருக்குப் போத்திக்க என்னா கொண்டாந்தீங்க?" ஒரு போர்வை, இருவருக்கும். அம்மா ஒன்றும் பேசாமல் பெட்டியைத் திறந்தார்.

பெப்ரவரி 6, வியாழன்

ஆசிரியர் அறையில் ஒரு சேர் சொன்னார்: "டீச்சர் வீட்டுல குருகுலம் நடக்குதாமே." அன்பாகத்தான் சொன்னார். நாள் முழுக்க அதுவே மனதில் ஓடியது. சைவநெறி படிப்பிக்கும் எனக்குக் குருகுலம் பரீட்சைக்கு எழுதும் குறிப்பாகவே இருந்துவிட்டது. இப்போது குசினியில் இரண்டு பிள்ளைகள் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போதுதான் அதை யோசிக்கத் தோன்றுகிறது.

சாந்தோக்கிய உபநிடதத்தில் சுவேதகேது 12 வயதில் குருவிடம் போகிறான், 24 வயதில் திரும்புகிறான். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஓதியது ஒரு பங்கு. மாடு மேய்த்தது, விறகு பொறுக்கியது, வேள்வித் தீயை அணையாமல் பார்த்தது, ஊருக்குள் போய்ப் பிச்சை வாங்கி வந்து குருவிடம் வைத்தது எல்லாம் மற்றப் பங்கு. கண்ணனும் குசேலரும் சாந்தீபனியின் வீட்டில் ஒன்றாகத்தான் விறகுக்குப் போனார்கள். மழையில் மாட்டி இரவெல்லாம் காட்டில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் அரச குலம், மற்றவன் ஏழை. இருவர் தலையிலும் ஏறியது ஒரே விறகு.

எங்கள் பிள்ளைகளுக்கு விறகும் தண்ணியும் புதிதில்லை. ஆனால் லயத்தில் அந்த வேலை படிப்பைத் தின்றுவிடுகிறது. இங்கே அம்மா அதைப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்: காலையில் ஒருத்தி, பின்னேரம் ஒருத்தி, பாத்திரம் கழுவுவது நான். வேலை ஓரிடத்தில் முடிகிறது என்று தெரிந்தால் பிள்ளை புத்தகத்தை நிம்மதியாகத் திறக்கிறாள்.

பெப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். கோயிலுக்குப் போய் வந்தோம். பின்னேரம் வரலாறு, பழைய வினாத்தாள் ஒன்று.

பெப்ரவரி 15, சனி

இன்று முற்பகல் நான் கண்டதை எழுதி வைக்க வேண்டும்.

சின்னவளுக்கு வட்ட நாற்பக்கல் (நாலு மூலையும் வட்டத்தின் மேல் படும் நாற்கோணம்) ஏறவில்லை. நான் தமிழும் சைவநெறியும் படிப்பிக்கும் டீச்சர். கணிதத்தில் என்னால் ஓரளவுக்கு மேல் போக முடியாது. மூத்தவள் எழுந்து போய் அம்மாவின் சோத்துக் கோப்பையை எடுத்து வந்தாள். சீமெந்துத் தரையில் கவிழ்த்து வைத்து, சோக்கட்டியால் சுற்றிக் கோடு இழுத்தாள். வட்டத்தில் நாலு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்துவிட்டு, கொப்பித்தாளில் இரண்டு எதிர்க் கோணங்களைக் கிழித்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நேர்கோடு. "பாத்தியா, 180 பாகை. எந்தப் பக்கம் மாத்தி வச்சாலும் வரும். நீயே கீறு." சின்னவள் தானே கீறினாள், கிழித்தாள், வைத்தாள். பிறகு பாதியில் நின்று, "மையத்துல இருந்து பாத்தா ஏன் ரெண்டு மடங்கு வருது?" என்று கேட்டாள். அதற்கு மூத்தவளிடம் உடனே பதில் இல்லை. இருவரும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பகல் சாப்பாடு வரைக்கும் அதையே தேடினார்கள்.

நன்னூலில் பவணந்தியார் சொல்லும் கணக்கு இதுதான். ஆசான் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால்பங்கு. கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால்பங்கு. மிச்சம் அரைப்பங்கு, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது. 13ஆம் நூற்றாண்டு இலக்கண நூல், ஆசிரியருக்குக் கால்பங்குக்கு மேல் கொடுக்கவில்லை! டியூஷன் வகுப்பில் நூறு பிள்ளைகளை அடைத்து மைக்கில் பேசுவது அந்த ஒரு கால்பங்குதான். மற்ற முக்கால் பங்குக்குப் பிள்ளைகள் ஒன்றாக இருந்து, ஒன்றாகச் சாப்பிட்டு, சண்டை போட்டு, தரையில் கீறுவதற்கு ஓர் இடம் வேண்டும். குருகுலம் கொடுத்தது அந்த இடத்தைத்தான் என்று எனக்கு இன்று உறைத்தது.

பெப்ரவரி 20, வியாழன்

கரண்ட் போய்விட்டது. அடுப்படியில் உட்கார்ந்து சத்தியகாமன் கதை சொன்னேன்.

படிக்கப் போக ஆசைப்பட்ட பையன் தாய் ஜபாலையிடம் கேட்கிறான், நான் என்ன கோத்திரம் என்று. தாய் சொல்கிறாள்: "இளமையில் பல இடங்களில் வேலைக்காரியாக அலைந்தபோது உன்னைப் பெற்றேன். கோத்திரம் எனக்குத் தெரியாது. என் பெயர் ஜபாலா, உன் பெயர் சத்தியகாமன். சத்தியகாம ஜாபாலன் என்று சொல்லிக்கொள்." கௌதம ரிஷி கேட்டபோது பையன் அதையே அப்படியே ஒப்புவிக்கிறான். உண்மையில் இருந்து நீ வழுவவில்லை, விறகைக் கொண்டு வா, உன்னைச் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார் குரு. பிறகு மெலிந்த 400 மாடுகளைக் கொடுத்து மேய்க்க அனுப்புகிறார். அவை ஆயிரமாகப் பெருகும் வரை திரும்புவதில்லை என்று பையன் போகிறான். வழியில் காளையும் நெருப்பும் அன்னமும் நீர்ப்பறவையும் அவனுக்குப் பிரம்மத்தைச் சொல்லிக் கொடுக்கின்றன.

கதை முடிவதற்குள் அம்மா இடையில் வந்தார். "எங்களையும் அதத்தானே கேட்டாங்க."

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்டது அதைத்தான். உன் அப்பன் இந்த நாட்டில் பிறந்தானா? இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்களா? காட்டு, தாளைக் காட்டு. இந்தியாவிலிருந்து கோப்பிக்காட்டுக்கு நடந்தே வந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் எந்தத் தாள் இருக்கும்? 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் அங்கே, இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். எஞ்சியவர்களைப் பத்து வருடம் கழித்துப் பிரித்தார்கள். அம்மாவின் அக்கா அந்தப் பங்கில் ராமேஸ்வரம் போனவர். அக்காவும் தங்கையும் பிறகு பார்த்துக்கொள்ளவே இல்லை.

பிள்ளைகள் இருவருக்கும் இது தெரியாது. பாடப்புத்தகத்தில் ஒப்பந்தத்தின் பெயர் தெரியும். அம்மாவின் அக்கா போன கதை தெரியாது. அம்மா சொல்லச் சொல்ல அடுப்பில் கட்டையைத் தள்ளிக்கொண்டே கேட்டார்கள். நன்னூல், மாணவன் ஆசானிடம் இருக்க வேண்டிய முறையை "அழலின் நீங்கான் அணுகான்" என்று தொடங்குகிறது. குளிர் காய்பவன் நெருப்பை விட்டு விலகிப் போவதும் இல்லை, மேலே விழுவதும் இல்லை. இன்றிரவு ஆசான் நான் இல்லை, லயப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்ற என் அம்மா.

பெப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. கண் விழிப்பதோடு இதையும் எழுதுகிறேன், ஏனென்றால் குருகுலத்தைப் பற்றி நல்லதை மட்டும் எழுதிக்கொண்டு போக என்னால் முடியாது.

சத்தியகாமனைச் சேர்த்துக்கொண்ட அதே மரபுதான் ஏகலைவனின் கட்டை விரலைக் கேட்டது. உபநயனம் செய்தவனுக்குத்தான் வேதம். சூத்திரனுக்கு இல்லை என்று தரும சாஸ்திரங்கள் கதவைச் சாத்தின. பெண்பிள்ளைக்கும் அந்தக் கதவு சாத்தியே கிடந்தது. கார்க்கியும் மைத்ரேயியும் உபநிடதத்தில் கேட்ட கேள்விகளைக் கேட்ட பிறகும் சாத்தினார்கள். என் பாயில் தூங்குகிற இந்த இரண்டு பிள்ளைகளும் இரண்டு பூட்டையும் ஒன்றாக வாங்கியிருப்பார்கள்.

தமிழில் வேறு குரலும் இருந்தது. "கீழ்ப்பால் ஒருவன் கற்பின், மேற்பால் ஒருவனும் அவன்கண் படுமே" என்று புறநானூற்றில் பாண்டியன் நெடுஞ்செழியன் பாடினான்: கீழ்க்குலத்தான் படித்திருந்தால் மேற்குலத்தானும் அவனிடம் பாடம் கேட்க வருவான். 19ஆம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பிள்ளைகளைத் தன்னோடு வைத்துக்கொண்டு காசு வாங்காமல் பாடம் சொன்னார். நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவர் மாணவர், உ.வே.சாமிநாதையரும் அவர் மாணவர். 1876இல் அவர் கண்மூடும் வரை சாமிநாதையர் அவருக்கு மாணவராகவே இருந்தார்.

ஆனாலும் திண்ணைப் பள்ளியின் பிரம்பையும் கோதண்டத்தையும் மறக்கக் கூடாது. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிட்டுப் படிப்பித்தார்கள். ஒரு பிள்ளை இரவும் பகலும் ஒருவர் கைக்குள் இருக்கிறது என்றால் அந்தக் கைக்கு மேல் ஒரு கண் வேண்டும். அதனால்தான் முதல் நாளே இரண்டு வீட்டாரிடமும் சொன்னேன்: எந்நேரமும் வரலாம், சொல்லிவிட்டு வர வேண்டியதில்லை, பிள்ளை கூப்பிட்டால் உடனே அழைத்துப் போகலாம். தைத்திரீய உபநிடதத்தில் படிப்பு முடிந்து போகும் மாணவனிடம் குருவே சொல்கிறார், எங்களிடம் உள்ள நல்ல நடத்தையை மட்டும் எடுத்துக்கொள், மற்றதை எடுக்காதே என்று. குரு தன் வாயால் இதைச் சொல்லியிருப்பதால்தான் அந்த மரபின் மேல் எனக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

மேக்கணக்கில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றிவிட்டார்கள். சிவன் காமனை எரித்த கதை. மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறை. பௌர்ணமிக்குக் காமன் எரிவான், பரீட்சைக்கு நாலு நாள் முன்னால்! மூத்தவளின் தம்பிதான் இந்த முறை காமனின் மனைவி ரதி.

வீட்டுச் சாமான் எடுக்க அவளோடு நானும் மேலே போனேன். கூத்து மாஸ்டரின் இஸ்தோப்பில் பழக்கம் நடந்துகொண்டிருந்தது. அவர் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி, கொந்தரப்பு (ஒப்பந்த வேலை) பார்த்து, பென்ஷன் எடுத்த மனிதர். வேலை விட்டு வந்த பொடியன்கள் முதலில் அவருக்கு விறகு பிளந்து போட்டார்கள், தண்ணி கொண்டுவந்தார்கள். அவர் ஓர் அடி பாட, பொடியன்கள் அதையே திரும்பப் பாடினார்கள். தப்பு மேளத்தின் அடி மெதுவாக விழுந்தது. எட்டாம் தரத்தில் தமிழ்ப் பாடத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கும் மூத்தவளின் தம்பி, விருத்தத்துக்கு மேல் விருத்தமாகத் தடையில்லாமல் பாடினான். அவன் கையில் கொப்பி இல்லை.

"எப்பிடித் தாத்தா பாடமாக்க வச்சீங்க?" என்று கேட்டேன்.

"பாடம் பொறவு டீச்சர். மொத நடை வரணும். ரதி எப்பிடி நடப்பா, எங்கன நிப்பான்னு ஒடம்புல ஏறிருச்சின்னா பாட்டு தன்னால வரும். நான் எங்க மாமாவுக்குப் பின்னாலயே சுத்தித்தான் கத்துக்கிட்டேன்."

காப்புக் கட்டியதில் இருந்து பொடியன்கள் விரதம். கெட்ட வார்த்தை இல்லை, மாஸ்டரைக் கேட்காமல் எங்கும் போவதில்லை. 1907இல் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று சட்டம் வந்தது. வந்த பிறகும் ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு வாசல் மூடும் நிலைதான் இருந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கவே 1970கள் ஆயிற்று. அவ்வளவு காலமும் எங்கள் மலையில் ஆளுக்கு ஆள் கைமாறி வந்த படிப்பு இந்த இஸ்தோப்பில்தான் நடந்திருக்கிறது. அதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டு, பாடசாலையில் அந்தப் பையனுக்கு "வாசிப்பு இல்லை" என்று குறித்து வைக்கிறோம். நாளைக்கு அவனுடைய வகுப்பு டீச்சரிடம் பேசப் போகிறேன்: அவன் பாடுகிற விருத்தத்தையே எழுதிக் கொடுத்து வாசிக்க வைக்கட்டும்.

மார்ச் 8, சனி

மூத்தவள் தம்பியின் கூத்துக்குப் போகக் கேட்டாள். அவள் அப்பா போனில் "வேணாம் டீச்சர், பரீச்ச முடியட்டும்" என்றார். நான் போகட்டும் என்றேன். ஓர் இரவில் படிப்பு அழியாது. தம்பி ரதியாக நிற்பதைப் பார்க்காமல் போனால் அந்த ஏக்கம் அவளோடு வினாத்தாளில் வந்து உட்காரும். நானும் கூடப் போவேன், விடிந்ததும் அழைத்து வருவேன் என்றதும் ஒப்புக்கொண்டார்.

மார்ச் 14, வெள்ளி

காமன் எரிந்தான். விடியற்காலை ரதி புலம்பியபோது லயமே அழுதது. நந்தி வேஷக்காரர் முதல் நாள் ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவர், களைப்பே தெரியவில்லை. பிள்ளைகள் வந்து பத்து மணி வரை தூங்கி, எழுந்து விஞ்ஞானம் எடுத்தார்கள்.

மார்ச் 29, சனி

பரீட்சை முடிந்தது. கணிதத்தில் வட்டக் கேள்வியைச் செய்துவிட்டதாகச் சின்னவள் சொன்னாள்.

இரு வீட்டாரும் இன்று அழைத்துப் போக வந்தார்கள். சின்னவளின் அம்மா படங்குத் துணியில் கட்டி அரிசியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்தார். காசு எவ்வளவு என்று கேட்டார். காசு வேண்டாம், அடுத்த முறை இரண்டு பிள்ளைகள் வரும்போது மகளை வாரத்தில் ஒரு நாள் அனுப்புங்கள், கணிதம் சொல்லிக் கொடுக்கட்டும் என்றேன். சின்னவளுக்கு முகம் மலர்ந்தது.

மூத்தவளுக்கு உயர்தரத்தில் விஞ்ஞானம் செய்ய ஆசை. அதற்கு ஹட்டன் போக வேண்டும். மேக்கணக்கிலிருந்து தினமும் போய் வர முடியாது. தாய் இல்லாத வீட்டில் தம்பியை யார் பார்ப்பது என்ற கேள்வியும் இருக்கிறது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "பொம்பளப் புள்ளைய எங்க தங்க வைக்கிறது டீச்சர்?" என்றார். பாடசாலையோடு சேர்ந்த பெண்பிள்ளைகள் விடுதி ஒன்று ஒவ்வொரு வலயத்திலும் வேண்டும். பெற்றோர் நம்பி விடக்கூடிய, பூட்டுக்குப் பொறுப்பான ஒரு பெண்மணி இருக்கிற, இரவில் பிள்ளைகள் கூடி உட்கார்ந்து படிக்கிற விடுதி. அதைக் கேட்டு வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதி, கூடப் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் கையெழுத்து வாங்க ஆரம்பித்திருக்கிறேன்.

அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. என்னோடு பயிற்சிக் கலாசாலையில் இருந்த தோழி ஹட்டனில் இருக்கிறாள், பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள், ஓர் அறை சும்மா கிடக்கிறது. இன்றிரவே பேசினேன். வெசாக் பண்டிகை கழித்து வந்து பார்க்கச் சொன்னாள். தம்பி எங்கள் வீட்டில் இருக்கலாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.