கடுவனின் பதவி

பல்லும் பலமும் இருந்தால் குரங்குக் கூட்டத்தின் தலைமை தானாகவே வந்துவிடும் என்று, தென்மராட்சியில் தென்னங்குரும்பைகளைப் பறிகொடுக்கும் என் உறவினர்கள் முதற்கொண்டு பலரும் நம்புகிறார்கள். அது பாதி உண்மைதான்.

பொலன்னறுவையில் 1968 முதல் வொல்ப்காங் டிற்றஸ் ஆராய்ந்துவந்த, உச்சிமயிர் வட்டமாக விரிந்த, இலங்கைக்கே உரிய குரங்கினத்தில், மந்திகள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிட, கடுவன்கள் பருவமடையும் காலத்தில் வெளியேறி, வேறொரு கூட்டத்தில் இடம்பிடிக்க வேண்டியிருக்கிறது. கோரைப்பல் கிழித்த காயங்களால் இறப்பவையும் உண்டு. ஆயினும் அன்றாட ஆட்சி பெரும்பாலும் சைகையால்தான் நடக்கிறது: மேலிருப்பது கொட்டாவி விடுவதுபோல வாயை அகலத் திறந்து கோரைப்பற்களைக் காட்டும், கிளையை உலுக்கும், கீழிருப்பது பல்லை இளித்தபடி இடத்தை விட்டு நகரும். கீழுள்ளதன் வாயைக் கையால் விரித்து, கன்னப்பையில் அது சேர்த்துவைத்த இரையையே எடுத்துத் தின்னும் அளவுக்கு இந்த அதிகாரம் செல்வதுண்டு. (இதைவிட நேரடியான வரி அறவீட்டை நான் அறியேன்.)

புவேர்ட்டோ ரிக்கோவை அடுத்த காயோ சந்தியாகோ தீவில் 1938இல் கொண்டுசென்று விடப்பட்ட ரீசஸ் குரங்குகளின் வழித்தோன்றல்களிடம் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலான கடுவன்கள் சண்டையிட்டு ஏறுவதில்லை. கூட்டத்தில் நெடுங்காலம் இருந்து, மேலுள்ளவை இறக்கவோ விலகவோ, படிப்படியாக உயர்கின்றன.

பெற்ற பதவியைக் காப்பதற்குத் தனிப்பலம் போதாது. வட ஆபிரிக்காவின் பார்பரிக் குரங்குகளில், தனித்து நின்றால் தோற்கக்கூடிய கடுவன்கள் இரண்டு மூன்று கூட்டுச் சேர்ந்து, தம்மிலும் வலிய கடுவனை எதிர்த்து விரட்டுகின்றன.