நடுப்பக்கத்தில் நின்ற பனை

காட்சித் தொடர்பியல் படிப்பின் இறுதியாண்டில், ஒவ்வொரு மாணவரும் ஒரு புத்தகத்தைத் தாமே எழுதி, வரைந்து, வடிவமைத்து, அச்சிட்டு ஒப்படைக்க வேண்டும் என்று எங்களிடம் சொன்னபோது, பொருளைத் தேடி நான் அலையவில்லை. உடன்குடிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் என் பெரியப்பா பனையேறுகிறார். தளை, முருக்குத்தடி, பாளை அரிவாள், இடுக்கி, கலயம், பன்னாடை என்று அவர் அன்றாடம் புழங்கும் சொற்களில் பெரும்பாலானவை என் வகுப்பு நண்பர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தக் கருவிகளைப் பெயரோடும் பயனோடும் வரைந்து 32 பக்கத்தில் ஒரு படநூல் செய்வது என்று முடிவெடுத்தேன்.

கோடை விடுமுறையில் ஊரில் தங்கி வரைந்தேன். விடியுமுன் பெரியப்பாவோடு, பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலிக்குப் போய், கருவிகளை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்து, எடையையும் தேய்மானத்தையும் குறித்துக்கொண்டேன். முதலில் நான் வரைந்த தளை தவறாக இருந்தது. இரண்டு கால்களையும் இணைத்து மரத்தில் பிடிமானம் தரும் அந்த நார் வளையத்தை வெறும் அலங்காரக் கயிறு போல வரைந்திருந்தேன். "இப்படித் தளை போட்டா ஒரு ஆள் உசரங்கூட ஏற முடியாதும்மா" என்று பெரியப்பா சொல்லி, தம் காலில் மாட்டிக் காட்டினார். அதன்பிறகு கருவிகளின் படங்கள் அனைத்தையும் அவரிடம் காட்டி, அவர் சரியென்ற பின்னரே வண்ணம் தீட்டினேன். ஊரில் செய்த இந்தப் பகுதியே எளிதாக இருந்தது என்று பின்னர் அச்சகங்களுக்கு நடந்தபோதுதான் உணர்ந்தேன்.

புத்தகத்தின் அளவை நான் வரைவதற்கு முன்பே முடிவு செய்திருந்தது பெரிய உதவியாயிற்று. நம் ஊரில் மிகுதியாக வரும் டெமி 1/8 அளவு, அதாவது ஐந்தரை அங்குலத்துக்கு எட்டரை அங்குலம், செலவுக்கு ஏற்றது. ஆனால் நெடிதுயர்ந்த ஒரு மரத்தை அந்தப் பக்கத்தில் வரைந்தால் அது குட்டையாகத்தான் தெரியும். எனவே அதே அளவைக் கிடைமட்டமாகத் திருப்பி, குறுகிய பக்கத்தில் தைப்பது என்று வைத்துக்கொண்டேன். புத்தகத்தை விரித்தால் 17 அங்குல நீளம் கிடைக்கும். நடுப்பக்கத்தில் புத்தகத்தையே செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தால், அடி முதல் உச்சி வரை ஒரு முழுப் பனை நிற்கும். தாள்களின் நடுமடிப்பில் சென்டர் பின் அடிக்கும் புத்தகத்தில் 16, 17 ஆகிய இரண்டு பக்கங்களும் ஒரே தாளின் ஒரே முகத்தில் அமைவதால், படம் நடுவில் வெட்டுப்படாமல் வருவது அங்கே மட்டும்தான்.

பழைய நோட்டுத் தாள்களை மடித்து, பக்க எண்களை மட்டும் எழுதி, ஒரு டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், செய்தேன். பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காகவே இருக்க வேண்டும் என்பதும், முதல் பக்கத்தின் தாளிலேயே 32ஆம் பக்கம் அமையும் என்பதும் படித்துத் தெரிந்துகொண்டதைவிட மடித்தபோது நன்றாகப் புரிந்தது. எட்டுத் தாள்கள் ஒன்றினுள் ஒன்றாகச் செருகப்படும்போது உள்தாள்கள் சற்று வெளியே துருத்தும். மூன்று பக்கமும் சீராக வெட்டும்போது அந்தத் துருத்தல் போய்விடும். 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 120 கிராம் எடை) தாளில் இது ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியது. ஓரத்தில் நான் எழுதியிருந்த கருவிப் பெயர்கள் சில டம்மியிலேயே வெட்டுப்பட்டன. அவற்றையெல்லாம் ஓரத்திலிருந்து பத்து மில்லிமீட்டர் உள்ளே தள்ளினேன்.

படங்களை அச்சாகும் அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக நீர்வண்ணத்தில் வரைந்திருந்தேன். ஏ4 ஸ்கேனரில் அவை இரண்டு மூன்று துண்டுகளாகத்தான் ஏறின. 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) எடுத்து இணைத்தபோது, சொரசொரப்பான நீர்வண்ணத் தாளின் மேடுபள்ளங்கள் சாம்பல் நிற நிழலாகப் படத்தோடு சேர்ந்து வந்தன. வெள்ளையைச் சீராக்க முயன்றால் விடியல் வானத்துக்கு நான் பூசியிருந்த மெல்லிய பூச்சு காணாமல் போனது. கடைசியில் வானம் வரும் மூன்று படங்களை வழவழப்பான தாளில் மீண்டும் வரைந்தேன். நேரம் போனதில் எனக்கு வருத்தமில்லை, இரண்டாவது வானம் முதலாவதைவிட நன்றாக இருந்தது.

தமிழ் எழுத்துகளால் இரண்டு வாரம் போயிற்று. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் யூனிகோட் எழுத்துகளை ஒட்டியதும் 'கொ', 'கெ' போன்றவற்றின் கொம்புகள் இடம் மாறி நின்றன. பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுத்ததும் அது சரியானது. இதைத் தெரிந்துகொள்வதற்கு முன்பு நான்கு பக்கங்களில் கொம்புகளைக் கையாலேயே நகர்த்தி வைத்திருந்தேன், அவற்றைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. எழுத்துருவாக நோட்டோ செரிஃப் தமிழைத் தேர்ந்தெடுத்தேன். அது கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது, மெல்லியது முதல் தடித்தது வரை பல கனங்களில் இருக்கிறது. தமிழில் 'கீ' மேலே வளையும், 'நு' கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு விடும் வரி இடைவெளி போதாது. 12 புள்ளி எழுத்துக்கு 19 புள்ளி இடைவெளி விட்டபோதுதான் பக்கம் மூச்சு விட்டது. வரிகளின் இரு முனைகளையும் சீராக்கினால் நீண்ட சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழுந்ததால், இடப்பக்கம் மட்டும் சீராக்கினேன்.

ஐம்பது பிரதிகள் மட்டுமே தேவை என்பதால், தகடு செய்து அச்சிடும் ஆஃப்செட் முறை கட்டுப்படியாகாது. அதில் தாளின் ஒவ்வொரு முகத்துக்கும் நான்கு நிறத்துக்கு நான்கு பிளேட்டுகள் (அச்சுத் தகடுகள்) போட வேண்டும்; ஐம்பது அடித்தாலும் ஐந்நூறு அடித்தாலும் அந்தச் செலவு ஒன்றுதான். டிஜிட்டல் அச்சு என்று முடிவு செய்து, பாரிமுனையில் உள்ள ஆண்டர்சன் தெருவின் காகிதக் கடைகளில் மாதிரித் தாள்கள் வாங்கிக்கொண்டு, இராயப்பேட்டையிலும் திருவல்லிக்கேணியிலும் நான்கு அச்சகங்களில் விசாரித்தேன். பளபளப்புப் பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில் வண்ணம் பளிச்சென்று வந்தாலும், பனையோலையின் வறட்சி அந்தப் பளபளப்பில் தொலைந்துபோனது. பூச்சில்லாத மேப்லித்தோ தாள் மையைச் சற்று உள்ளிழுத்து மங்கலாக்கினாலும் என் படங்களுக்கு அதுவே பொருந்தியது.

முதல் அச்சகத்தில் நான் கொடுத்த கோப்பை அவர்கள் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் திறந்தார்கள், எழுத்துகள் சிதறின. அங்கே யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் எல்லாவற்றையும் மீண்டும் தட்டச்சு செய்து தருவதாகச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டு, எழுத்துகளை எல்லாம் வடிவக் கோடுகளாக மாற்றிய பிடிஎஃப் ஒன்றை வேறோர் அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொரு பக்கத்தைச் சுற்றியும் வெட்டுக்கோட்டைத் தாண்டி மூன்று மில்லிமீட்டருக்குப் படத்தை நீட்டி ப்ளீட் விட்டிருந்ததால் வெட்டும் இடத்தில் வெள்ளைக் கோடு தெரியவில்லை.

முதல் ப்ரூஃப் (மாதிரி அச்சு) வந்தபோது இரண்டு குறைகள் தெரிந்தன. விடியல் வானம் ஊதாவாக இருந்தது. திரையில் நீலமாகத் தெரிந்த அந்த நிறத்தில், அச்சின் நான்கு நிறமாக (நீலமான சயான், இளஞ்சிவப்பான மெஜந்தா, மஞ்சள், கருப்பு) பிரித்தபோது மெஜந்தா ஏறக்குறைய சயான் அளவுக்கே இருந்தது. மெஜந்தாவைச் சயானைவிட முப்பது விழுக்காட்டுப் புள்ளி குறைத்தபின் நீலம் நீலமாயிற்று. இரண்டாவதாக, கருப்பு எழுத்து நான்கு நிறங்களின் கலவையாக இருந்ததால் ஓரங்களில் மெல்லிய சிவப்பு நிழல் விழுந்தது. எழுத்துகளையும் மெல்லிய கோடுகளையும் கருப்பு மை ஒன்றில் மட்டும் வருமாறு மாற்றினேன்.

அட்டைதான் என்னை மிகவும் அலைக்கழித்தது. 250 ஜிஎஸ்எம் அட்டையை மடித்தபோது மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு விழுந்தது, மடித்த அட்டை படிந்தும் நிற்கவில்லை. காகிதத்தின் நார்கள் ஒரு திசையில் ஓடும்; மடிப்பு அந்தத் திசைக்கு இணையாக இருக்க வேண்டும். டிஜிட்டல் அச்சுக்கு வரும் 12க்கு 18 அங்குலத் தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். கிடைமட்டப் புத்தகத்தின் மடிப்போ அதற்குக் குறுக்கே விழுகிறது. பைண்டிங் செய்யும் அண்ணன் ஒரு துண்டை நனைத்துக் காட்டினார்: அது குழாய்போலச் சுருண்டது, அந்தக் குழாயின் நீளவாக்கே நாரின் திசை. பிறகு பெரிய தாளிலிருந்து நார் சரியான திசையில் ஓடுமாறு வெட்டிய அட்டையை வாங்கி, மடிப்புக்கு முன் அந்தக் கோட்டை அழுத்திப் பதித்து க்ரீசிங் போட்டு, பளபளப்பில்லாத மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டி மேட் லேமினேஷன் செய்தோம். உள்தாள்கள் மெல்லியவை என்பதால் அவற்றில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. எல்லாம் சேர்த்து ஒரு பிரதிக்கு ஏறத்தாழ 190 ரூபாய் ஆயிற்று.

ஐம்பது பிரதிகளில் ஒன்றைப் பங்குனியில் ஊருக்கு எடுத்துப்போனேன். பெரியப்பா தம் கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையசைத்தார். நடுப்பக்கம் வந்ததும் நான் சொல்லாமலே புத்தகத்தைத் திருப்பிச் செங்குத்தாகப் பிடித்தார். வெகு நேரம் பார்த்துவிட்டு, "இது ஆணும் இல்ல, பொண்ணும் இல்லியேம்மா" என்றார். விரல் விரலாக நீண்ட ஆண் பனையின் பாளைகளில், அதாவது பூங்கொத்துகளில், பதநீர்க் கலயங்களைத் தொங்கவிட்டிருந்த நான், அழகுக்காக அதே மரத்தில் ஒரு நுங்குக் குலையையும் வரைந்திருந்தேன். பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நுங்கு பெண் மரத்தில் மட்டுமே காய்க்கும். அந்தப் படம் ஒன்றைத்தான் சென்னைக்குத் திரும்பியபின் வரைந்திருந்தேன், அவரிடம் காட்டியிருக்கவில்லை.

நுங்கை அழித்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு பாளையையும் கலயத்தையும் வரைந்தேன். நடுத்தாள் எல்லாவற்றுக்கும் உள்ளே தனியாகக் கிடப்பதால், புத்தகத்தைக் குலைக்காமல் அதை மட்டும் மாற்ற முடிந்தது. 12க்கு 18 அங்குலத் தாள் ஒன்றில் இரண்டு நடுத்தாள்கள் அடங்கும். ஐம்பது பிரதிகளுக்கு 25 தாள்கள், இரு முகமும் அச்சிட்டால் போதும். ஒப்படைக்கும் நாளுக்கு முன்பு, விடுதி அறைத் தோழிகள் இருவரோடு உட்கார்ந்து, பின்களை நிமிர்த்தி, பழைய தாளை உருவிப் புதியதைச் செருகி, மீண்டும் அதே துளைகளில் பின்களை மடித்தோம். பெரியப்பாவின் பிரதியையும் ஊரிலிருந்து வரவழைத்து, மாற்றித் திருப்பி அனுப்பினேன்.