மதராஸ் 1914: குறிப்புகள்

செப்டம்பர் 2

அப்பாவின் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

செப்டம்பர் 3

தூக்கம் பிடிக்காமல், நான் எழுதிக்கொண்டிருக்கும் மேஜை விளையாட்டின் கோப்பைத் திறந்தேன். ஆளுக்கொரு பாத்திரமாகி, டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டு. முதலில் ஊர் வரைபடம். துறைமுகம், பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள், தெருவில் எலெக்ட்ரிக் டிராம். ஹைகோர்ட் கோபுரத்தின் மேல் 1894 முதல் கலங்கரை விளக்கு. செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை வாக்கில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வருகிறது, சர்ச்லைட்டைப் போடுகிறது, சுடுகிறது. நூற்றுக்கும் மேல் குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிகின்றன. அரை மணிக்குள் கப்பல் போய்விடுகிறது.

முதல் உலகப் போரில் பிரிட்டன் இறங்கி ஏழு வாரம் ஆகியும் அந்த விளக்கு ஏன் எரிந்துகொண்டிருந்தது?

செப்டம்பர் 4

இந்த மாதிரி சாகச விளையாட்டுகளில் துரைமார்தான் நாயகர்கள், நம்மவர்கள் பெட்டி தூக்குவார்கள். இதில் அது கிடையாது. துறைமுகக் குமாஸ்தா, மசூலா என்ற தையல் படகை ஓட்டுபவர், ஜார்ஜ் டவுன் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர், ஆஸ்பத்திரி நர்ஸ். கணித மேதை ராமானுஜன் 1913இலேயே போர்ட் டிரஸ்ட் குமாஸ்தா வேலையிலிருந்து விலகி, 1914 மார்ச்சில்தான் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியிருந்தார். அந்த ஆபீசில் அவருடன் வேலை பார்த்தவராக ஒரு கேரக்டர் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

செப்டம்பர் 5

அப்பா இரண்டு கரண்டி ரசம் சாதம் சாப்பிட்டார்.

செப்டம்பர் 7

நண்பனோடு வாக்குவாதம். "ப்ளேயர்கள் மேலே ஏறி விளக்கை அணைத்துவிட்டால் என்னடா செய்வாய்?" என்கிறான். அணைக்கவிட மாட்டேன். துறைமுகத்தில் செத்தவர்களுக்கு டைஸ் உருட்டும் வாய்ப்பை யாரும் தரவில்லை. தொட்டிகள் எரிந்தே தீரும். யாரை வெளியே கொண்டுவருகிறீர்கள் என்பது மட்டும்தான் உங்கள் கையில். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு பக்க டைஸ் ஒன்று. 1 விழுந்தால் எரிகிற எண்ணெய் வழியை அடைத்துவிடும். படகில் ஆறு பேருக்குத்தான் இடம். ஏழாவது ஆளை என்ன செய்வது என்று மேஜையைச் சுற்றி இருப்பவர்களே பேசி முடிவெடுக்கட்டும்.

செப்டம்பர் 8

அண்ணன் போன் செய்தான். ரிப்போர்ட் நாளைக்கு, இல்லாவிட்டால் நாளன்றைக்காம்.

எல்லோரும் எம்டனின் கேப்டன் முல்லரின் கண்ணியத்தைப் புகழ்கிறார்கள். புகழட்டும். என் புத்தகத்தில் அவருக்குப் பாதிப் பக்கம் போதும்.

செப்டம்பர் 10

இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவு பற்றிய பகுதியை எழுதினேன். நவம்பர் 9 அன்று ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி எம்டனை முடித்துவிட, கரையில் இறங்கியிருந்த எம்டன் அதிகாரி ம்யூக்கேயும் அவர் ஆட்களும் ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலில் ஏறித் தப்புகிறார்கள். பாடாங், அரேபியா, 1915இல் கான்ஸ்டான்டினோபிள். சாகசக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் மனம் ஒட்டவில்லை. ஒரு பக்கத்தில் முடித்தேன்.

செப்டம்பர் 11

நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். விதியை மாற்றிவிட்டேன். விளக்கை அணைக்கலாம். படியேறுகிறவர் படகில் இருக்க முடியாது, அவ்வளவுதான். அணைத்தால் எம்டன் குறி தப்புமா என்பதை டைஸ் சொல்லட்டும்.

தாக்குதலுக்குப் பிறகு ஊரை விட்டு ஓடியவர்களுக்குத் தனி அத்தியாயம் வேண்டும். சென்ட்ரலில் டிக்கெட் கிடைக்காதவர்களை எங்கே அனுப்புவது, பூந்தமல்லி சாலை வழியாக மாட்டு வண்டியிலா, அல்லது