ஈப்போவில் பிறந்த அப்புக்காத்து

யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை யூனியன் கல்லூரியின் பழைய மாணவர்களில் அதிகம் பேசப்பட்டவர், பின்னாளில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய சா. ஜே. வே. செல்வநாயகம். அவர் பிறந்த இடம் தெல்லிப்பழை அல்ல. 1898 மார்ச் 31இல் பேராக் மாநிலத்து ஈப்போவில் பிறந்தார். தகப்பனார் வேலுப்பிள்ளை மலாயாவுக்கு வந்த ஆசிரியர், பிறகு வணிகர். நாலு வயதில் தாயோடும் சகோதரங்களோடும் படிப்புக்காக ஊருக்குப் போனார். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலும் செந்தூலிலும் இருக்கிற நம் யாழ்ப்பாணத் தமிழர் வீடுகளில் பாதிக்கு மேல் இதே கதைதான். தகப்பன் இங்கே, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்காக அங்கே.

கல்லூரிக்குப் பின் யாழ்ப்பாணம் சென் ஜோன்ஸ், அங்கிருந்து கொழும்பு சென் தோமஸ். லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி பி.எஸ்ஸி. பட்டம் 1918இல். வெஸ்லி கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராக நின்றுகொண்டே சட்டம் படித்தார். விஞ்ஞானம் படித்தவர் சட்டத்துக்குப் போனது அந்தக் காலத்தில் புதினமில்லை. ஆனால் ஆய்வுகூடப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை என்றே நினைக்கிறேன். அவர் மேடைப் பேச்சாளர் அல்லர். குரலும் சன்னம், காதும் மந்தம்.

இளையவர்களுக்கு அன்றைய நீதிமன்ற ஒழுங்கு தெரியாது. வழக்காட வருகிற கட்சிக்காரன் முதலில் போவது பிறக்கிராசியிடம். காணிப் பத்திரங்களான உறுதிகளைச் சேர்ப்பது, மனு எழுதுவது, பத்திரங்களைக் கோவையில் வைப்பது எல்லாம் பிறக்கிராசி. நீதிபதி முன் எழுந்து வாதாடுகிறவர் அப்புக்காத்து. செல்வநாயகம் கொழும்புப் புதுக்கடையில் அப்புக்காத்து, அதிலும் சிவில் பக்கம். பிறகு மூத்த வழக்கறிஞருக்கான கிங்ஸ் கவுன்சல் பட்டமும் வந்தது. கொலை வழக்கில் சாட்சியைக் குறுக்குவிசாரணை செய்து பேர் வாங்கியவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். இவர் பத்திரத்தை வரிவரியாக வாசிக்கிறவர். அரசியலிலும் இருவரும் அப்படியே இருந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் சிவில் வழக்கென்றால் பெரும்பாலும் காணி. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் சொத்து மூன்று வகை: பரம்பரையாக வந்த முதுசம், பெண்ணுக்குக் கொடுத்த சீதனம், மணவாழ்வில் தேடிய தேடியதேட்டம். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் சேர்த்த இந்த வழமைப்படி, பங்குக்காரன் தன் பங்கை வெளியாளுக்கு விற்குமுன் உடன்பங்காளிக்கு அறிவிக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள். 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். நாலு பரப்புக் காணிக்கு ஆறு பிள்ளைகள். அதில் ஒருவர் மலாயா போய் அங்கே நாலு பிள்ளைகள் என்றால், அந்தப் பேரப்பிள்ளை ஒருவரின் பங்கு 24இல் ஒன்று. மூன்றே மூன்று குழி. அதற்கும் வழக்கு உண்டு. காணியைப் பிரிக்கும் வழக்கில் முதல் வேலை வம்சாவளி வரைவது. நில அளவையாளர் சங்கிலி பிடிப்பது பிறகுதான். வழக்குக் கெடுவது பெரும்பாலும் வம்சாவளியில்தான். மலாயாவில் இருக்கிற ஒருவரின் பேர் விடுபட்டுப் போகும்; வருஷக்கணக்கில் நடந்த வழக்கு திரும்பவும் முதற்படிக்கு வரும். ‘யார் விடுபட்டது’ என்று முதலில் கேட்பது சிவில் வழக்கறிஞரின் புத்தி.

1947இல் தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளராகக் காங்கேசன்துறையில் வென்று நாடாளுமன்றம் போனவர், அடுத்த வருஷமே அதே கேள்வியைச் சபையில் கேட்க வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் ஒரு வம்சாவளிச் சட்டம். இலங்கையில் பிறந்தவனாக இருந்தாலும் தகப்பன் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். வெளியே பிறந்தவனுக்கு தகப்பன், பாட்டன் இருவரும் வேண்டும். அல்லது பாட்டனும் பூட்டனும். மலையகத் தோட்டத்து லயத்தில் பூட்டனின் பிறப்புப் பத்திரம் யாரிடம் இருக்கும்? இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர் வெளியே விழுந்தார்கள். அந்தச் சட்டத்தில் ‘வெளியே பிறந்தவன்’ என்ற வகைக்குள் ஈப்போவில் பிறந்த செல்வநாயகமும் வருகிறார். அவருக்குப் பத்திரம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தமிழ்க் காங்கிரஸ் தலைவரான பொன்னம்பலம் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அரசிலேயே சேர்ந்து அமைச்சரானார். செல்வநாயகம், கு. வன்னியசிங்கம், செனற்றர் நாகநாதன் ஆகியோர் பிரிந்து வந்தார்கள். 1949 டிசம்பர் 18இல் கொழும்பு மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சி தொடங்கியது. 1952 தேர்தலில் காங்கேசன்துறையிலேயே சு. நடேசனிடம் தோற்றார். கட்சிக்கு மொத்தம் இரண்டு இடம். 1956இல், ஆட்சிமொழி சிங்களம் மட்டும் என்ற அலை தெற்கில் அடித்தபோது, வடக்குக் கிழக்கில் பத்து இடம். சைவர் மிகுந்த தொகுதியில் கிறித்தவரான அவர் அதன்பின் ஒரு தேர்தலிலும் தோற்கவில்லை.

இனி ஒப்பந்தத்துக்கு வருகிறேன், காணி வழக்கறிஞரின் கை தெரிவது அங்கேதான். பிராந்திய சபைகள் அமைக்க 1957 ஜூலை 26இல் பிரதமர் பண்டாரநாயக்காவோடு செய்தது. அவரும் சென் தோமஸ் மாணவர். வடக்கு ஒரு பிராந்தியம். கிழக்கு இரண்டோ அதற்கு மேலோ. மாகாண எல்லையைத் தாண்டியும் பிராந்தியங்கள் இணையலாம், நாடாளுமன்றம் அங்கீகரித்தால். சபைக்கு நேரடித் தேர்தல். விவசாயம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி, வீதி, மின்சாரம், நீர் விநியோகம் எல்லாம் வரிசையாக உண்டு. வரி விதிக்கவும் கடன் எடுக்கவும் அதிகாரம் உண்டு. ஆனால் நடுநாயகம் குடியேற்றத் திட்டம். அரச காணி யாருக்கு வழங்கப்படும், அங்கே வேலைக்கு யாரை எடுப்பது என்று தெரிவு செய்வது பிராந்திய சபை. கிழக்கின் பெரிய குடியேற்றத் திட்டமான கல்லோயா விவகாரத்தைக்கூட மறக்காமல், அது தனியாக யோசிக்கப்பட வேண்டும் என்று எழுதிவைத்தார்கள்.

நமக்கு இங்கே ஒப்பிட வசதியாக ஒன்றுண்டு. அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகி 36ஆம் நாள் மலாயா சுதந்திரமடைந்தது. மலாயாவின் அரசியலமைப்பில் ஒன்பதாம் அட்டவணைப்படி காணி மாநிலத்தின் அதிகாரம். பேராக்கில் காணி வைத்திருக்கிறவர் நில வரியைப் பேராக் மாநிலத்துக்குத்தான் கட்டுகிறார். கோலாலம்பூர் 1974இல் கூட்டரசுப் பிரதேசமானதால் அது விலக்கு. செல்வநாயகம் கேட்டது இதைவிட அதிகமில்லை, பலவற்றில் குறைவுதான். சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, என்றாலே நாடு உடைகிறது என்று அங்கே மிரண்டார்கள். இங்கே நாம் அதற்குள் இருந்துகொண்டு வரி கட்டுகிறோம்.

ஒப்பந்தம் எங்கே பிழைத்தது? வெளியே நடந்தது தெரியும். எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜயவர்த்தன ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்குப் பாதயாத்திரை கிளம்பி இம்புல்கொடையில் தடுக்கப்பட்டார். வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துக்குத் தார் பூசும் போராட்டம் மூண்டது. 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் குந்தியதும் ஒப்பந்தம் போயிற்று. ஆனால் பத்திரத்துக்குள்ளேயும் ஒரு பிழை உண்டு என்பது என் எண்ணம். 1957 ஆகஸ்ட் 20இல் தொடங்கவிருந்த சத்தியாக்கிரகத்தைத் தமிழரசுக் கட்சி உடனே கைவிட்டது. பிரதமர் பக்கம் நிறைவேற்ற வேண்டியதற்குத் தவணை இல்லை. காசை முதலில் எண்ணிக் கொடுத்துவிட்டு உறுதியைப் பிறகு முடிப்போம் என்றால் எந்தப் பிறக்கிராசியும் கட்சிக்காரனைத் திட்டுவான். காணி உறுதியை மீறினால் நீதிமன்றம் போகலாம். பிரதமர் மீறினால் எங்கே போவது?

எட்டு வருஷம் கழித்து, 1965 மார்ச் 24இல், ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லி சேனநாயக்கவோடு இரண்டாவது ஒப்பந்தம். இந்த முறை காணி வழங்கும் முறை இன்னும் கூர்மை: முதலில் அந்த மாவட்டத்துக் காணியற்றோர், அடுத்து வடக்குக் கிழக்கில் வாழும் தமிழ்பேசுவோர், அதன்பின் ஏனைய பிரசைகள், அவர்களிலும் மற்றப் பகுதித் தமிழருக்கு முன்னுரிமை. மறுபடியும் கட்சியின் பக்கத்து விலை முன்கூட்டியே போனது, அரசமைக்க ஆதரவாக. கட்சியின் சார்பில் மு. திருச்செல்வம் அமைச்சரவையில் இருந்தார். ஒப்பந்தத்தில் சொன்ன மாவட்ட சபைகளுக்கான மசோதா 1968இல் கைவிடப்பட்டது.

1961 சத்தியாக்கிரகம், தமிழரசு முத்திரை, பனாகொடைத் தடுப்புக்காவல் எல்லாம் பலரும் எழுதியவை, விடுகிறேன். பதவி துறந்த விதம் சொல்ல வேண்டியது. 1972 மே 22இல் புதிய குடியரசு அரசியலமைப்பு. அக்டோபரில் தன் ஆசனத்தைத் துறந்து, இதைத் தமிழர் ஏற்கிறார்களா என்று என் தொகுதியிலேயே கேட்டுப் பாருங்கள் என்று சவால்விட்டார். இடைத்தேர்தல் 1975 பெப்ரவரி 6இல்தான் வந்தது. இரண்டு வருஷம் நாலு மாதம் காங்கேசன்துறைக்கு உறுப்பினரே இல்லை. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கிக்கொண்டிருந்தவர், இடதுசாரி வ. பொன்னம்பலத்தை 16,000 வாக்குகளுக்கு மேலான வித்தியாசத்தில் வென்றார்.

1976 மே 14இல் தனித் தமிழ் ஈழம் கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம். அதைப் பற்றிய துண்டுப்பிரசுரம் தொடர்பாக அமிர்தலிங்கம் முதலான தமிழ்த் தலைவர்கள் மீது கொழும்பில் யூரிகள் (ஜூரிகள்) இல்லாத விசேட விசாரணை. குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக வந்து நின்ற பெரிய வழக்கறிஞர் கூட்டத்தில் செல்வநாயகமும் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் இருந்தார்கள். குடியுரிமைச் சட்டத்தை ஒட்டி 1948இல் பிரிந்தவர்கள், 28 வருஷத்துக்குப் பிறகு ஒரே பக்கத்தில். 1977 பெப்ரவரி 9இல் பொன்னம்பலம் மலேசியாவில் காலமானார். செல்வநாயகம் ஏப்ரல் 26இல், யாழ்ப்பாணத்தில்.