மாடு பெருகினால் இனம் மாறும்

இன அடையாளமும் தேசமும் மனிதர்கள் உண்டாக்கிக்கொண்டவை என்று பேச ஆரம்பித்தாலே, 'அப்போ நாங்கள் சொல்லிக்கொள்வதெல்லாம் பொய்யா?' என்று யாராவது ஒருவர் கோபப்படுவார். அந்தக் கோபம் நியாயமானது. பாட்டி பேசிய மொழியை, செத்தவர்களுக்காக அழும் முறையைப் பொய் என்று சொன்னால் யாருக்கும் வலிக்கும். தேசத்தைக் கற்பிதம் செய்யப்பட்ட சமூகம் என்று 1983இல் எழுதிய பெனடிக்ட் ஆண்டர்சன்கூட, போலி என்ற பொருளில் அதைச் சொல்லவில்லை. ஒருவரையொருவர் பார்த்தே இராத லட்சக்கணக்கான பேர் தங்களை ஒரே கூட்டமாக எப்படி நினைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி.

எனக்கு இந்த விஷயம் பிடிபட்டது சூடானின் தார்ஃபூர் பற்றிய ஒரு கட்டுரையில். நார்வே மானுடவியலாளர் ஃபிரெட்ரிக் பார்த் 1969இல் பதிப்பித்த தொகுப்பில் குன்னர் ஹாலாண்ட் எழுதியது. அங்கே ஃபூர் மக்கள் கம்பு விதைக்கிற குடியானவர்கள், பக்காரா மக்கள் அரபு பேசி மாடு மேய்க்கிறவர்கள். ஒரு ஃபூர் விவசாயி கையில் கொஞ்சம் மிச்சம் பிடித்தால் மாடு வாங்குகிறான். மாடு நாலு பத்தாகப் பெருகும்போது புல்லுக்கும் தண்ணீருக்கும் அவற்றின் பின்னாலேயே அலைய வேண்டியிருக்கிறது, நிலத்தை விட்டுவிட்டுக் கிளம்புகிறான், மேய்ப்பர்களோடு தங்குகிறான், சுற்றியிருப்பவர்களும் அவனைப் பக்காராவாகவே நடத்துகிறார்கள். அப்புறம் பிள்ளைகள் பக்காராவாகவே வளர்ந்துவிடுகிறார்கள். ஆள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்விட்டான், ஆனால் ஃபூர் வேறு, பக்காரா வேறு என்ற கோடு கொஞ்சமும் அழியவில்லை. கோட்டுக்குள் என்ன பண்பாடு இருக்கிறது என்பதைவிட, கோடு எப்படிக் காக்கப்படுகிறது என்று கவனியுங்கள் என்றார் பார்த்.

ருவாண்டாவிலும் ஒரு காலத்தில் மாடு இதே வேலையைச் செய்தது. ஹூட்டு, டுட்சி, துவா என்ற மூன்று பிரிவினரும் பேசுவது ஒரே கின்யருவாண்டா மொழி, ஒரே குலத்தில் மூவரும் உண்டு. மாடும் செல்வாக்கும் சேர்த்த ஹூட்டு குடும்பத்தால் டுட்சியாக மாற முடிந்தது. அடிக்கடி நடக்கவில்லைதான், ஆனால் அதற்கென்று அவர்கள் மொழியில் ஒரு சொல்லே இருந்தது: குவிஹுடுரா, ஹூட்டுத்தன்மையைக் களைவது.

1930களில் ருவாண்டாவை ஆண்ட பெல்ஜிய நிர்வாகம் தலை எண்ணி, யார் எந்தப் பிரிவு என்று எழுதிய அடையாள அட்டை கொடுத்தது. பிற்காலத்து அட்டை ஒன்றின் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 'உப்வோகோ' என்று ஒரு வரி, பக்கத்தில் ஹூட்டு, டுட்சி, துவா என்ற சொற்கள் அச்சில், பொருந்தாதவை பேனாவால் அடிக்கப்பட்டிருக்கின்றன. உப்வோகோ என்றால் வகை என்றும் பொருள், குலம் என்றும் பொருள். நம்முடைய 'இனம்' மாதிரிதான், அதுவும் பழந்தமிழில் மந்தையைக்கூடக் குறித்த சொல். வளைந்து கொடுத்துக்கொண்டிருந்த அந்தச் சொல் அட்டையில் ஏறியதும் இறுகிவிட்டது. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு அப்படியே இறங்கியது, எத்தனை மாடு சேர்த்தாலும் சரி.

1994 ஏப்ரலில் டுட்சிகளைக் கொல்லக் கிளம்பிய ஹூட்டு தீவிரவாதிகள் சாலைத் தடுப்புகளில் கேட்டு வாங்கிப் பார்த்தது அந்த அட்டையைத்தான். எந்தச் சொல் அடிபடாமல் இருந்ததோ, அதை வைத்துக் கொன்றார்கள். சுமார் 100 நாளில் பல லட்சம் பேர்.

அதனால்தான் உண்டாக்கியதா, உண்மையா என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. யார் கோடு போட்டார்கள், அதைக் கடந்து போக வழி இருக்கிறதா, கடந்து வந்தவனை அந்தப் பக்கத்தார் ஏற்றுக்கொள்கிறார்களா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

இன்றைய ருவாண்டா அட்டையில் அந்த வரி இல்லை. ஆனால் ஒவ்வொரு ஏப்ரல் 7 அன்றும் அந்த நாடு துக்கம் அனுசரிக்கும்போது, டுட்சிகளுக்கு எதிரான இனப்படுகொலை என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல் இல்லாமல் செத்தவர்களை எப்படி நினைப்பது?