கண்டல் வேர்

ஒக்டோபர் 12
கடதாசிக் கூழுக்கு வாழைத்தடல் வேகிறது. குலை வெட்டியதும் எறிகிற மரம்தான். கீழ்வீட்டு ஆச்சியிடம் கேட்டு வாங்கினேன். சலவைச் சோடா போட்டு மத்தியானத்திலிருந்து அடுப்பில் கிடக்கிறது. இரண்டு விரலால் இழுத்தால் நார் பிரிந்து வரவேண்டும். இன்னும் இல்லை. இந்த மணத்துக்கு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முன்பென்றால் ஏசியிருப்பார்.

ஒக்டோபர் 13
அம்மாவின் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவில்லை.

ஒக்டோபர் 15
வெள்ளவத்தை முழுக்க மழை. இந்த ஈரத்தில் எது காயும்?

இருந்தாலும் ஒரு தாள் எடுத்துவிட்டேன். பருத்திக் கூழில் வெண்டிக்காய் ஊறிய வழுவழுப்பான தண்ணீரைக் கலந்தேன். அது நாரைத் திரளவிடாது. ஜப்பானில் வெண்டிக்கு உறவான ஒரு செடியின் வேரை இதற்கு எடுக்கிறார்கள். நுளம்பு வலை அடித்த சட்டத்தால் அள்ளி, துணியில் கவிழ்த்து, அதன்மேல் கொட்டனால் நன்றாக அடித்த வாழைநாரை, கரையோரச் சேற்றில் வளரும் கண்டல் மரத்தின் வேர்கள்போல வைத்தேன். காயும்போது வாழைநார் பருத்தியைவிட அதிகம் சுருங்கும். அந்த இழுவையில் தாள் தானாக நெளிந்து எழும்பவேண்டும். என் கையால் மடிக்கவே மாட்டேன்.

ஒக்டோபர் 17
எழும்பியது! ஓரம் முழுக்க அலை அலையாக. வேர் கிடந்த இடமெல்லாம் நரம்பு புடைத்து நிற்கிறது.

அம்மா கட்டிலிலிருந்தே பார்த்தார். "கண்டல் வேர் இப்படி நேரா நிக்காது பிள்ளை. வளைஞ்சு சேத்துக்குள்ள இறங்கும்." மன்னார்க் கரையில் பார்த்து வளர்ந்தவர், அவர் சொன்னால் சரி. எல்லாவற்றையும் மாற்றி வைக்கவேண்டும்.

பருத்தி முடிந்துவிட்டது.

ஒக்டோபர் 18
அலுமாரியிலிருந்து அந்த நீலக்கரைச் சேலையை எடுத்துத் தந்தார். "பருத்திதானே, வெட்டு." வெட்டவில்லை. ஏன் இப்போது தரவேண்டும்?

ஒக்டோபர் 19
நித்திரை இல்லை. கி.பி. 105இல் சாய் லுன் சீன அரசவைக்குக் கொண்டுபோன கடதாசியே மரப்பட்டை, கந்தல், பழைய மீன்வலை எல்லாம் சேர்ந்ததுதான். உடுத்த துணி கடதாசியாவது புதிதில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்து என்ன, கை போகவில்லை. அந்தச் சேலையோடுதான் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டார்.

போனும் வரவில்லை.

ஒக்டோபர் 20
தீபாவளி. கத்தரிக்கோலை அம்மாவே கேட்டு வாங்கினார். கரையை மட்டும் எனக்கென்று தனியாக எடுத்து வைத்துவிட்டு, மற்றதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினார். பின்னேரம் முழுக்க இருவரும் வெட்டினோம். கை நடுங்கினாலும் விடவில்லை. இரண்டு இடியப்பம் சாப்பிட்டார்.

ஒக்டோபர் 22
போன் வந்தது. நாளை காலை ஏழு மணிக்கே வரச் சொல்கிறார்கள். ஊறுகிற துணிக்கு அக்கா தண்ணீர் மாற்றவேண்டும், சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.